மாதையனின் வெள்ளை எலும்பு

எக்ஸ்ரே படத்தைத் தானே படித்துச் சொல்லும் சாஃப்ட்வேர் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வந்த அன்று ஓனர் தேங்காய் உடைத்தார். "இனிமே சேலத்து டாக்டர் பாத்துச் சொல்றவரைக்கும் காத்துக்கிட்டிருக்க வேண்டாங்கண்ணே. நிமிசத்துல ரிப்போர்ட் வந்துரும், கையில குடுத்து அனுப்பிரலாம்" என்றார். தருமபுரியில் எக்ஸ்ரே டெக்னீஷியனாகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு மெஷினைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும். அதனால் மெஷினை விட்டுவிட்டு மாதையனைப் பற்றிச் சொல்கிறேன்.

மாதையன் பாப்பாரப்பட்டிப் பக்கத்து விவசாயி. முதுகு விறைத்துப்போய்க் குனிய முடியவில்லை என்று அவருடைய மச்சான் கூட்டிவந்தார். முதுகெலும்பையும் இடுப்பையும் படம் எடுத்தேன். எலும்பெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளை. சாஃப்ட்வேர் சிவப்புக் கட்டங்களைப் போட்டு, புற்றுநோய் எலும்பில் பரவியிருக்கலாம் என்றது. 'இருக்கலாம்' என்ற வார்த்தையை எந்த வீட்டில் படிக்கிறார்கள்?

ஓனர் ரிப்போர்ட்டை மச்சானிடம் நீட்டினார். படித்ததும் அந்த மனிதர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சார். மனசு உட்டுருவாரு" என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கேன்சர் என்றால் நோயாளியைத் தவிர ஊருக்கே தெரியும்.

அடுத்து நடந்ததும் வழக்கம்தான். அப்பன் கண்ணை மூடுவதற்குள் மகள் கழுத்தில் தாலி ஏறிவிட வேண்டும். மாதையனின் ஒரே மகள் சுதா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பை நிறுத்தி, மச்சான் தன் மகனுக்கே அவளைக் கட்டிவைத்தார். நாள் தள்ளினால் தோஷம் என்று ஜோசியர் சொன்னதாக மாதையனை நம்பவைத்தார்கள். ரிப்போர்ட் விஷயம் தெரிந்த சுதா, அப்பாவின் ஆயுளை எண்ணிக்கொண்டே மணவறையில் உட்கார்ந்தாள்.

கல்யாணம் முடிந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே டாக்டரம்மா படத்தைப் பார்த்ததும், "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டாராம். போர்வெல் தண்ணீர் என்றார்களாம். இந்த நோயின் அடையாளம் தெரியும் முன்கையைப் படம் எடுத்து, ரத்தமும் பார்த்துவிட்டு, கேன்சர் இல்லை, தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு வருஷக்கணக்காக எலும்பில் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். எங்கள் ஜில்லாவில் இது ஊரறிந்த சங்கதி. எங்கோ எடுத்த படங்களைப் பார்த்துப் பழகிய சாஃப்ட்வேருக்கு நம் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்? சேலத்து டாக்டருக்குத் தெரியும். அவரைத்தான் வேண்டாம் என்றோமே.

மாதையன் சுதாவோடு சென்டருக்கு வந்தார். ஓனர் முந்திக்கொண்டார்.

"நல்ல சேதிதானுங்களே. டாக்டரைப் பாருங்கன்னு ரிப்போர்ட்லயே கீழ போட்டிருக்குதுங்க."

"எனக்கு நல்ல சேதிதானுங்க" என்றார் மாதையன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் சாவறது சாவறேன், புள்ள படிப்ப நிறுத்தாதீங்கன்னு சொல்லியிருப்பனுங்க."

சுதா அவர் கையைப் பிடித்தாள். "வாங்கப்பா. நேரமாச்சுன்னா மாமா வூட்டுல கேப்பாங்க."

பிள்ளைகளே, டாக்டர் பார்க்காத ரிப்போர்ட்டை வெளியே விடாதீர்கள். கொடுத்தால் யார் உடம்போ அவரிடம் கொடுங்கள். மெஷின் செய்த தப்பை டாக்டரம்மா ஒரே கேள்வியில் திருத்திவிட்டார். நாம் மனிதர்கள் கூடிச் செய்ததைத் திருத்த ஒருவரும் வரவில்லை.