பென்சிலால் தீற்றிய கருப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பள்ளிக்கூடத்தில் அதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

எட்டாம் வகுப்புக்கு ஒளியின் நிறங்களை நடத்தும்போது பிள்ளைகளைச் செருப்பு அட்டைப்பெட்டி கொண்டுவரச் சொல்வேன். ஒரு பக்கம் பிளேடால் கீறல், உள்ளே பழைய சிடி துண்டு, பார்க்க ஒரு ஓட்டை. கீறல் வழியே நுழையும் வெளிச்சம் சிடியில் பட்டு நிறம் நிறமாகப் பிரியும். "வீட்டு லைட்டப் பாத்துட்டு, தெரியறத அப்படியே வரைஞ்சுட்டு வாங்க" என்று ஏழெட்டு வருடத்துக்கு முன்பும் ஒருமுறை பெருமையாக அனுப்பினேன்.

மறுநாள் நோட்டுகளில் ஏழு நிறம், புத்தகத்தில் இருந்த வரிசையிலேயே. எல்லாவற்றிலும் 'நன்று' போட்டேன். அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வரும் ஒருத்தி மட்டும் தனித்தனிக் கோடுகள் போட்டிருந்தாள். ஊதாவில் ஒன்று, பளிச்சென்று பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. நடுவிலெல்லாம் பென்சிலால் கருப்பு.

"என்னடி இது? மீதி கலரை எலி தின்னுடுச்சா?"

வகுப்பே சிரித்தது.

"எங்க வீட்டு டியூப்லைட்ல அப்படித்தான் மிஸ் தெரிஞ்சுது."

"பொட்டிய ஒழுங்கா செய்யல நீ. அழிச்சிட்டு வரை."

அழித்தாள். கருப்பு இருந்த இடத்தில் மஞ்சளும் நீலமும் நிரப்பிக் கொண்டுவந்தாள். அவளுக்கும் 'நன்று' போட்டேன். அதன் பிறகு அவள் வகுப்பில் கை தூக்கியதாக ஞாபகம் இல்லை.

போன வருடம் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் அதே பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். கூடத்து டியூப்லைட்டைப் பார்த்தேன். ஊதா, பச்சை, சிவப்புக் கோடுகள், நடுவில் கருப்பு. டியூப்லைட் வெயில் மாதிரி எல்லா நிறத்தையும் ஒரே சீராகத் தராதாம். பார், பார் என்று பிள்ளைகளை விரட்டிய நான் ஒருமுறைகூட அப்படிப் பார்த்ததில்லை. கூசிப்போனேன்.

அந்தப் பெண் இப்போது எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனேன். தேரடி வீதியில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். ஒரு அம்மாவிடம் புடவையைக் கொடுத்து, "கடை லைட்டுல கலர் மாறித் தெரியும்ங்க, வாசல்ல வெயில்ல பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீ வரைஞ்சதுதான்மா சரி. நான்தான் தப்பு" என்றேன்.

சிரித்தாள். "விடுங்க மிஸ். மத்தவங்களுக்கெல்லாம் ஏழும் தெரிஞ்சுதே."

"அவங்க யாரும் பாக்கல. புத்தகத்தப் பாத்து வரைஞ்சாங்க."

புடவையை மடித்துக்கொண்டே, என்னைச் சமாதானப்படுத்துகிறவள்போலச் சொன்னாள்: "அதுக்கப்புறம் நானும் அப்படித்தான் மிஸ் வரைஞ்சேன்."