அலுமாரியிலிருந்து இறங்கிய சஞ்சிகை

மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் முள்ளிக்குளம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். வாசலை மறித்து நிற்கும் கழுதையைத் தள்ளிவிட்டு ஒரு பெண் உள்ளே வருகிறார். தோள்பையிலிருந்து மெல்லிய சஞ்சிகை ஒன்றை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுக்கிறார். அட்டையில் அரபு எழுத்தைக் கண்டதும் கடைக்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அலுமாரியின் உச்சிக்குக் கையை நீட்டுகிறார். அங்கே அதே சஞ்சிகையின் பழைய இதழ்கள் வெள்ளைத் துணியில் சுற்றியபடி இருக்கின்றன.

"நானா, மேல வைக்காதேங்கோ. அது ஓதுற கிதாபில்லை, நான் எழுதின கவிதை" என்று அண்ணன் முறை சொல்லி அவரைத் தடுக்கிறார்.

"அரபு எழுத்தைக் கீழ வைக்கலாமோ?"

அந்தப் பெண் சிரித்தபடி என் பக்கம் திரும்புகிறார். வளைகுடாவில் பதினேழு வருடம் வீட்டுவேலை செய்தவராம். வேலை செய்த வீட்டுப் பிள்ளைகளின் பாடத்தைக் கேட்டே அரபு படித்தவர், பணிப்பெண்களின் பாட்டைச் சொல்ல இந்தச் சஞ்சிகையையும் அங்கேயே தொடங்கியிருக்கிறார்.

"வேலை குடுக்கிற வீட்டுக்காரருக்கு விளங்கவேணும் எண்டுதான் அரபியில எழுதினனான். நானா, இந்தமுறை உங்களுக்காகத் தமிழும் போட்டிருக்கிறன். வாசியுங்கோ."

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே வாசிக்கிறார். மிச்சச் சோற்றுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி, ஊருக்குத் தொலைபேசியில் "வயிறு நிறையச் சாப்பிட்டேன்" என்கிறாள். கவிதை அவ்வளவுதான்.

கடைக்காரர் சஞ்சிகையைத் தேநீர்க் குவளைகளுக்கு நடுவே விரித்தபடி வைத்துவிட்டு, வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போயிருக்கும் தன் மகளைத் தொலைபேசியில் அழைக்கிறார்.

"மகள், உண்மையைச் சொல்லு. இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?"