பத்து இலட்சத்து ஒன்பது

எங்கள் பகுதியில் கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். ஆரையம்பதி வீடு மனைவியுடையது. வாவிக்கு அக்கரையில் இருந்த வயல் வட்டையும் மாடுகளும் அவளுடையவை. நெற்கதிர் சூடடிக்கும் களத்தில் ‘இல்லை’, ‘முடிந்தது’ என்ற சொற்களை யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். அளக்கிற மரக்காலும் வெறுமையாகக் கூடாதென்று ஒரு பிடி நெல் விட்டுவைப்பார்கள். பூச்சியத்தைப் படிப்பித்துப் பிழைக்கும் கணக்கு வாத்தியார் நான் அங்கே வாய் திறவாமல் நிற்பேன்.

அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஓர் எண் மட்டும்: பத்து இலட்சத்து ஒன்பது. அது பகா எண் என்று நம்பினேன். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மிச்சமில்லாமல் வகுபடாத எண். அதை உறுதிசெய்ய, ஆயிரத்துக்குக் கீழே உள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டுக் களைத்து வந்து, சிலேட்டில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வகுப்பேன். மிச்சத்தைப் பார்த்துவிட்டு அழிப்பேன். “மச்சானுக்கு விசர்” என்று மைத்துனிமார் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வயல் அவர்களுடையது, எண் என்னுடையது.

முந்நூறை நெருங்கும்போது மலேரியா என்னைப் பாயில் கிடத்திவிட்டது. குயினைன் கேட்கவில்லை. வைத்தியம் பார்த்த அப்போத்திக்கரி கையை விரித்தார். அப்போதும் வகுத்தல் நிற்கக்கூடாதென்று புலம்பினேனாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற மனைவி சிலேட்டை எடுத்து என் தலைமாட்டில் இருந்து வகுத்தாள். வந்த மிச்சத்தை எழுதிக் காட்டுவாள், நான் தலையாட்டுவேன்.

எப்படியோ எழும்பினேன். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஆயிரத்தை எட்ட மூன்று வருடம் போயிற்று. எண் எதற்கும் அசையவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை தலை நிமிர்ந்து அக்கரைக் களத்துக்குத் தோணியேறினேன்.

அதோடு விட்டிருக்கலாம். அந்த எண், ஆயிரத்தின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்தது. கை சும்மா இராமல், ஒரு நாள் வேறு வர்க்கங்களையும் கழித்துப் பார்த்தேன். 972இன் வர்க்கத்தைக் கழித்ததும் மிஞ்சியது 235இன் வர்க்கம். பகா எண்ணை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க ஒரு வழிக்குமேல் கிடையாது. முதலிலிருந்து வகுத்தேன். 293ஆல் வகுத்தபோது ஈவு 3413, மிச்சம் பூச்சியம். அது அவள் வகுத்த பகுதி.

குசினியில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இருநூத்தித் தொண்ணூத்தி மூண்டுக்கு என்ன மிச்சம் காட்டின நீ?”

“ஒண்டு.” நிமிரவேயில்லை. யோசிக்கவுமில்லை.

“ஒண்டுமில்லை எண்டெல்லோ வந்திருக்கும்?”

“ஓம், அப்பிடித்தான் வந்த. விளக்கு வெக்கிற நேரம். உசிர் இழுத்துக்கொண்டு கிடக்கிற மனிசனுக்கு முன்னால மிச்சம் ஒண்டுமில்லை எண்டு எப்பிடி எழுதிக் காட்டுற? ஒண்டு விட்டுவெச்சன்.”

“அது கணக்கெல்லோ!”

“நீங்க எழும்பினீங்கதானே?”

மூன்று வருடப் பாடும் வீண் என்று கத்தத்தான் நினைத்தேன். அடுப்படியில் அப்படியே குந்திவிட்டேன். அவள் விட்டுவைத்த அந்த ஒன்றில்தான் நான் பிழைத்தேன் என்று இன்றைக்கும் நம்புகிறாள். அது பிழை என்று நிறுவ என்னிடம் ஒரு வழியும் இல்லை.