ஒரு கட்டை தள்ளி

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லாரும் நிறத்தைப் பார்த்துத்தான் காலம் தள்ளினார்கள். அப்பா ரூபாய் நோட்டை நிறத்தால் அறிவார். பஸ்ஸையும் அப்படித்தான், ஒரே நிறத்தில் இரண்டு வந்தால் கண்டக்டரைக் கேட்பார். அம்மாவுக்குச் சிவப்பு அட்டை மாத்திரை காலையில், நீல அட்டை ராத்திரியில். ஒருமுறை மருந்துக் கம்பெனிக்காரர்கள் அட்டையின் நிறத்தை மாற்றிவிட, அம்மா மாற்றிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை, பெருமைதான். வங்காளத்துக்கு வந்து கரியாஹாட்டில் இட்லி வண்டி போட்டிருப்பவரின் மகள் மிஷன் பள்ளியில் இலவச இடம் வாங்கினாள். எழுத்தைப் படித்தாள். அங்கே பிரார்த்தனைக் கூடத்தில் இருந்த பியானோவில் உட்கார்ந்து, ஐந்து கோடுகளுக்குள் எழுதப்பட்ட இசையையும் படித்தாள். இன்று பாலிகஞ்சில் ஓர் இசைப்பள்ளியில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள்.

அப்பா வண்டிக்கு வருகிறவர்களிடம், "நம்ம பொண்ணு பெரிய வீட்டுப் புள்ளைங்களுக்குப் பொட்டி வாசிக்கக் கத்துக் குடுக்குது" என்பார். பெட்டி இல்லை, பியானோ என்று நான் திருத்துவேன். "அதுவும் பொட்டிதானே, கொஞ்சம் பெரிய பொட்டி" என்பார்.

பள்ளி ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் இருக்கிறது. நடத்துகிறவர் ஒரு வங்காளி அம்மாள். ஆசிரியர்கள் எல்லாரும் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்போம். துர்கா பூஜை விடுமுறைக்கு முன்பு தீதி எங்களைக் கூட்டி உட்காரவைத்து, இனிமேல் ஒரு செயலியும் நம்மோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்கும் என்றார். குழந்தை வீட்டில் பியானோவின் மேல் டேப்லெட்டை நிறுத்தி வைத்து வாசிக்க வேண்டும். அது காதால் கேட்கும். சரியான சுரம் என்றால் திரையில் பச்சை, தவறு என்றால் சிவப்பு. பச்சை கூடக்கூட நட்சத்திரம். வீட்டு நட்சத்திரங்களையும் பருவ முடிவில் நடக்கும் தேர்வையும் கூட்டி, மேலே வருகிற குழந்தைகளுக்கு மட்டும் ஆசிரியரோடு வாராந்திர வகுப்பு தொடரும். மற்றவர்கள் சுயபயிற்சி அறையில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு டேப்லெட்டோடு கற்பார்கள். எப்போதாவது ஓர் ஆசிரியர் எட்டிப் பார்ப்பார்.

தீதி கெட்டவர் இல்லை. வாடகை ஏறிவிட்டது, பெற்றோர்கள் வேறு பள்ளிகளில் டேப்லெட் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. மதிப்பெண் வாங்கியே மேலே வந்தவள் நான். எண்ணிச் சொல்கிற எதன்மீதும் எனக்கு மரியாதை உண்டு.

என்னிடம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி படித்தாள். தமிழ்க் குடும்பம். அம்மா வங்கி அதிகாரி, அப்பா பெரும்பாலும் வெளியூரில். பெண்ணுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சுலபமாக வரும். எந்த ஒலி கேட்டாலும் அதைப் பியானோவில் தேடுவாள். பாலிகஞ்ச் ஸ்டேஷனில் அறிவிப்புக்கு முன்னால் ஒலிக்கும் மணியை ஒரு நாள் வகுப்பில் தானாகவே வாசித்துக் காட்டினாள். சரியாக அதே சுரங்கள். பாராட்டினேன். "எங்க வீட்டுப் பியானோல இது வேற இடத்துல இருக்கு மிஸ்" என்றாள். குழந்தைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். இத்தனை பிள்ளைகளில் இந்தப் பெண்ணை மட்டும் நான் எப்படியாவது பல வருஷம் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

பூஜை விடுமுறை முழுவதும் அவள் பெயருக்கு நேரே நட்சத்திரங்கள் குவிந்தன. எல்லாம் பச்சை. எனக்கு மகிழ்ச்சிதான். பள்ளி திறந்து முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளைக் கட்டைகளில் வாசிக்க வேண்டிய எளிய பாட்டு. அவளோ கையை வலப்பக்கம் ஒரு கட்டை தள்ளி வைத்து, கறுப்புக் கட்டைகளில் ஏறி இறங்கி, முழுப் பாட்டையும் தடங்கல் இல்லாமல் வாசித்து முடித்தாள். என்ன விளையாட்டு இது என்று கேட்டேன்.

"விளையாட்டு இல்ல மிஸ். இப்படி வாசிச்சாதான் சொபுஜ் வருது. நீங்க சொன்ன மாதிரி வாசிச்சா எல்லாம் லால்."

பச்சையும் சிவப்பும் அவளுக்கு வங்காளத்தில்தான் வாயில் வரும்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அங்கே இருந்தது ஏலக்கடையில் வாங்கிய பழைய பியானோ. மழைக்கால ஈரம் தாக்காமல் இருக்க உள்ளே சின்னதாக ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கட்டையை அழுத்தினேன். அதற்கு இடப்பக்கத்துக் கட்டையின் ஒலி வந்தது. எல்லாக் கட்டைகளும் அப்படியே. சுருதியை ஏற்றினால் பழைய கம்பிகள் அறுந்துவிடும் என்பதால், விற்றவர்கள் ஒரு கட்டை அளவு இறக்கியே வைத்துக் கொடுத்திருந்தார்கள். தனக்குள் அந்தப் பியானோ ஒழுங்காகத்தான் இருந்தது. டேப்லெட் வரும்வரை அதனால் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. டேப்லெட்டுக்கு அது எப்போதும் தவறு. அந்தக் குழந்தை ஒவ்வொரு சுரமாகத் தேடி, பாட்டை ஒரு கட்டை வலப்பக்கம் நகர்த்தி, இயந்திரத்தைச் சமாதானப்படுத்தியிருக்கிறாள். பெரியவர்களுக்கே விரல் வழுக்கும் வேலை அது.

இதையெல்லாம் அவள் அம்மாவிடம் சொன்னேன். சொன்னதையே இரண்டு தடவை சொன்னேன். அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு பயம். அந்த அம்மாள் முதல் தடவை என்னை "வாங்க, உக்காருங்க" என்று வரவேற்றவர். என் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு "வாம்மா, உக்காரு" ஆகியிருந்தது. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஸ்டார் முழுசாக வருகிறதில்லையா என்றார். வருகிறது, ஆனால் கை தவறான இடத்தில் பழகுகிறது, வீட்டில் டேப்லெட்டை அணைத்துவிடுங்கள் என்றேன். அப்படி அணைத்தால் வீட்டு நட்சத்திரம் போய்விடும், வகுப்பும் போய்விடும், அதற்கு யார் பொறுப்பு என்றார். சரியான சுருதியில் ஒரு கீபோர்டு வாங்கலாமே என்றேன். ஆசைப்பட்டு வாங்கிய பியானோ இருக்கும்போது இன்னொன்றை எங்கே வைப்பது என்றார். கடைசியில் சொன்னார்:

"ஸ்கோர் முக்கியமில்லன்னு நீ சொல்லலாமாம்மா? நீயே மார்க் வாங்கித்தானே இந்த நிலைமைக்கு வந்திருக்க."

 படி இறங்கும்போது அதற்குப் பதில் தேடினேன். இன்றும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். உங்கள் கருவி சுருதியில் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. மீண்டும் விளக்கி எழுதினேன். அதே பதில் மீண்டும் வந்தது, கடைசி வரியில் சிரிக்கும் முகத்தோடு.

ஆகவே நானும் அவளும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வீட்டில் டேப்லெட்டுக்காக ஒரு கட்டை தள்ளி வாசிக்கட்டும். வகுப்பில் டேப்லெட்டை அணைத்து வைத்துவிட்டு, நான் பக்கத்தில் உட்கார, எழுதியிருக்கிறபடி வாசிக்கட்டும். முதல் வாரம் தடுமாறினாள். பிறகு பிடிபட்டுவிட்டது. "வீட்டுல தமிழ், ஸ்கூல்ல பாங்ளா. அது மாதிரிதானே மிஸ்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று பேசி வளர்ந்தவள்தான். அந்த ஒப்பீட்டை நம்பினேன். நாங்கள் மொழி மாற்றுவது எதிரே இருக்கும் ஆளைப் பார்த்துத்தான் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

தேர்வு நாளன்று குழந்தை தனியாக அறைக்குள் போக வேண்டும். எல்லாருக்கும் ஒரே நியாயம் என்பதால் ஆசிரியர் உள்ளே இருக்கக்கூடாது. தேர்விலும் டேப்லெட்தான் கேட்டு மதிப்பிடும், ஆனால் வாசிக்கும்போது நிறங்கள் தெரியாது. முடிந்த பிறகுதான் முடிவு வரும். இந்தப் பெண்ணோடு மட்டும் உள்ளே உட்கார அனுமதி கேட்டிருந்தேன். எல்லா ஆசிரியர்களும் கேட்பார்களே என்று தீதி மறுத்துவிட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள். சரியான சுருதியில் இருந்த பள்ளிப் பியானோவின் மேல், அவள் கண்ணுக்கு நேரே, டேப்லெட் நின்றது.

அவள் அதைப் பார்த்தாள். கையை வலப்பக்கம் ஒரு கட்டை தள்ளி வைத்தாள்.

நான் கதவில் தட்டினேனோ என்னவோ, தெரியவில்லை. தட்டியிருந்தாலும் அவள் திரும்பவில்லை. கண்ணாடி வழியாக வந்த இசை மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. அந்தப் பாட்டை அவள் அவ்வளவு நன்றாக ஒருநாளும் வாசித்ததில்லை. மெதுவாக வர வேண்டிய இடத்தில் மெதுவாக வந்தது. மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டது. காது உள்ள யாராவது ஒருவர் உள்ளே இருந்திருந்தால், ஒரு கட்டை மேலே இருக்கிறது, அவ்வளவுதான், என்று சிரித்திருப்பார். உள்ளே யாரும் இல்லை.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். ஒரு தப்புகூட விடவில்லை என்றாள். நான் தீதியின் அறைக்கு ஓடினேன். ஒருமுறை திரும்ப வாசிக்க விடுங்கள் என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். நீ சொல்வதை நம்புகிறேன் என்றார். ஆனால் முடிவு இதற்குள் பெற்றோருக்குப் போயிருக்கும் என்றார். போயிருந்தது. வராந்தாவில் அந்த அம்மாள் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றிருந்தார். திரையில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. வரிசை வரிசையாகச் சிவப்பு.

குழந்தை எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. நான் முழங்காலிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். வாசிக்கும்போது ஒலி வேறு மாதிரி இருப்பது அவளுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். ரயில்வே ஸ்டேஷன் மணியைச் சரியாகக் கண்டுபிடித்த காது அது.

"வேற மாதிரிதான் கேட்டுச்சு மிஸ். ஆனா டேப்லெட் இருந்துச்சே."

அவள் அம்மா அவள் தோளைத் தொட்டு, போகலாம் என்றார்.  அன்று அவர் என்னைத் திட்டியிருக்கலாமே என்று இன்று தோன்றுகிறது. திட்டியிருந்தால் நானும் பேசியிருப்பேன்.

அடுத்த பருவத்திலிருந்து அவள் சுயபயிற்சி அறைக்குப் போகிறாள். அங்கே இருப்பது அடக்கமான டிஜிட்டல் கீபோர்டுகள். ஒலி முழுவதும் கம்பி வழியாக டேப்லெட்டுக்கும் ஹெட்ஃபோனுக்கும் போய்விடும். அறையைக் கடந்து போகும்போது கேட்பது கட்டைகள் அடிபடும் டொக் டொக் சத்தம் மட்டும்தான். சாப்பாட்டுக் கடையில் யாரோ காய் நறுக்குகிற மாதிரி இருக்கும். என் வகுப்புக்கு வேறு குழந்தைகள் வந்துவிட்டார்கள். பச்சை வாங்கத் தெரிந்த, நல்ல குழந்தைகள். சம்பளம் வருகிறது. அப்பா இன்னும் வண்டியில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அம்மாவின் மாத்திரை அட்டைகளில் நான் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைக்கிறேன். அவள் எழுத்தைப் பார்ப்பதில்லை, நிறத்தைத்தான் பார்க்கிறாள். அந்த வழக்கம் என்னோடு முடிந்துவிட்டது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

சென்ற வாரம் எட்டிப் பார்க்கும் முறை எனக்கு வந்தது. சுயபயிற்சி அறையில் அந்தப் பெண்ணின் பின்னால் போய் நின்றேன். கை சரியான இடத்தில் இருந்தது. வெள்ளைக் கட்டைகள், எழுதியிருக்கிறபடி. ஒவ்வொரு சுரத்துக்கும் பிறகு நிறுத்தி, திரை பச்சையாகும்வரை காத்திருந்துவிட்டு அடுத்ததை அழுத்தினாள். அவள் தோளைத் தட்டினேன். ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தினாள். அன்றைக்குத் தேர்வில் நீ ரொம்ப நன்றாக வாசித்தாய், தப்பே இல்லை என்று சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகியிருந்தது.

பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்லும் பொய்யைக் கேட்கும்போது குழந்தைகள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"பூரா லால் மிஸ்" என்றாள், மரியாதையாக. பிறகு ஹெட்ஃபோனைக் காதில் சரியாக வைத்துக்கொண்டாள்.