தொண்டைக்கான கேக்கும் கோப்பி மெசினும்

லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டின் மேல்மாடியில் குடியிருந்த அன்ரி, ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுக்காரி. அங்கே சண்டை நடந்தபோது சிறுமியாகக் கப்பலில் இந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டவர். பிறகு திரும்பிப் போகவேயில்லை. "அவவும் எங்கடை ஆள்தான், கொஞ்சம் முந்தி வந்திட்டா" என்று, எங்கள் ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்த என் கணவர் பகிடி விடுவார்.

எனக்கு அவரிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. வருகிற திங்கட்கிழமை நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலைக்குச் சேரவேண்டும். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அன்ரியைக் கேட்டிருந்தேன். "சான் பிளாஸ் முடியட்டும். அதுவரை என் தொண்டையை நம்ப முடியாது. இருமிக்கொண்டு பிள்ளை வளர்க்கலாமா?" என்றார்.

சான் பிளாஸ் தொண்டையைக் காக்கும் புனிதராம். அவருடைய திருநாள், லண்டன் முழுவதும் இருமிக்கொண்டிருக்கும் பெப்ரவரித் தொடக்கத்தில் வரும். அன்றைக்கு அன்ரியின் ஊரில் அனிஸ் என்ற வாசனை விதை போட்டுத் தட்டையான கேக் சுட்டு, மேலே வெள்ளைச் சீனிப் பூச்சுப் பூசி, தேவாலயத்தில் ஆசீர்வாதம் வாங்கிவந்து ஆளுக்கொரு துண்டு சாப்பிடுவார்களாம். அதோடு வருடம் முழுவதும் தொண்டைக்குக் காவல்.

அந்த வருடம் பார்த்து அவருடைய ஓவன் பழுதாகிவிட்டது. "நான் சுட்டுத் தருகிறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கேக் பிழைத்தால் என்ன செய்வது என்று அன்றிரவே கணவரிடம் புலம்பினேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் கணவர். "கேக் பிழைச்சா பிள்ளையைப் பாக்க மாட்டன் எண்டு சொல்லுவாவோ?"

"சொல்லமாட்டா. ஆனா மனசுக்குள்ளை யோசிப்பா."

"இரசாயனம் படிச்சனீர். மாவும் முட்டையும் சேர்க்கத் தெரியாதோ?"

மாவும் முட்டையும் ஒழுங்காகத்தான் சேர்ந்தன. பிரச்சினை அனிஸில் வந்தது. "விதையை முழுசாகவே போடு" என்று சொல்லி அன்ரி ஒரு கைப்பிடி தந்திருந்தார். மாவில் தூவப் போகும்போது எனக்கு ஒரு யோசனை. தொண்டைக்கான கேக்கைச் சாப்பிட்டு, பிள்ளையின் தொண்டையிலேயே விதை சிக்கினால்? அரைத்துப் போடுவதுதான் பாதுகாப்பு என்று பட்டது.

எங்களிடம் கோப்பி அரைக்கும் சின்ன மெசின் ஒன்று இருந்தது. அது ஒருநாளும் கோப்பியைக் கண்டதில்லை. வறுத்த மிளகாயும் மல்லியும் அரைத்துக் கறித்தூள் செய்யத்தான் அதை வாங்கினோம். கரண்டில் ஓடுவது என்பதால் கழுவவும் முடியாது. ஈரத்துணியால் துடைத்தேன், திரும்பவும் துடைத்தேன், மணந்து பார்த்தேன். ஒன்றும் மணக்கவில்லை. எந்நேரமும் தூளோடு புழங்குகிறவளின் மூக்கு அது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கேக் பார்க்க அழகாக வந்தது. திருநாளன்று காலையில் அன்ரி அதை வெள்ளைத் துணியில் சுற்றித் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார். நான் வீட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்றேன். வேறொருவருடைய திருநாளுக்கு இவரைத் தொந்தரவு செய்யலாமா என்ற குழப்பத்தில் பாதிக் கும்பிடோடு திரும்பிவிட்டேன்.

திரும்பிவந்த அன்ரி எங்கள் குசினி மேசையில் வைத்துக் கேக்கை வெட்டினார். முதல் துண்டு கணவருக்கு. ஒரு கடி கடித்தவர் என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, கேக்குக்குள்ளை தூள் போட்டனீரோ?"

"சத்தம் போடாதேங்கோ!"

தமிழ் விளங்காத அன்ரி, சிரித்துக்கொண்டே தன் துண்டைச் சாப்பிட்டுவிட்டார். முதலில் ஒரு சின்ன இருமல் வந்தது. பிறகு பெரிய இருமல். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிந்தது. தொண்டைப் புனிதரின் திருநாளில், அவருடைய கேக்கைக் கொடுத்தே தொண்டையைக் கெடுத்துவிட்டேன். வேலை போனது என்று நினைத்துக்கொண்டு தண்ணீரோடு ஓடினேன். மகள் மட்டும் அன்ரியின் மடியில் ஏறி, சீனிப் பூச்சை நக்கிக்கொண்டிருந்தாள்.

மெசின் கதையைச் சொன்னேன். "ஏன் அரைத்தாய்?" என்று கேட்டார்.

"விதை பிள்ளையின் தொண்டையில் சிக்கிவிடும் என்று பயந்தேன்."

அன்ரிக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. அடங்கியதும் தொண்டையைச் செருமி, உரத்த குரலில் ஏதோ பாஸ்க் பாட்டின் ஓரடியைப் பாடிப் பார்த்தார்.

"கிறிஸ்துமஸிலிருந்து அடைத்துக் கிடந்தது. இப்போது திறந்துவிட்டது!" என்றார். "திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவருவாய்?"

"எட்டு மணிக்கு!" என்று முந்திக்கொண்டு சொன்னேன். "சாப்பாடு நானே சமைத்துக் கட்டித் தருகிறேன், உங்களுக்கும் சேர்த்து."

அன்ரி தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம், மகளே. சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."