எனக்குத் தெரிந்த ஒரே ஜெபம்

எனக்கு எழுத்துச் சரியாக வராது. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அதிலும் பாதி நாள் கைப்பிள்ளையாக இருந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். ஞாபகமும் போய்விட்டது. காலையில் மருந்து சாப்பிட்டேனா என்பதை டப்பியைத் திறந்து எண்ணித்தான் சொல்கிறேன். கஷ்டகாலத்தில் விசுவாசம் எப்படித் தாங்கியது என்று வயதானவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று கோயிலில் கேட்டார்கள். வந்து பேசச் சொல்லியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கே போயிருக்க மாட்டேன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறவியில் வேதக்காரி இல்லை. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினேன். சாமியார் மலாக்கா டவுனில் இருந்து எங்கள் தோட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு தரம் வந்தால் அதிகம். வந்த ஒரு காலையிலேயே எனக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும் முடிந்தன. மத்தியானம் அவர் சிம்பாங் அம்பாட் பக்கம் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஜெபமெல்லாம் உபதேசியார் சொல்லிக்கொடுப்பார் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போனார். உபதேசியார் சைக்கிளில் வருகிறவர். ஏழு தோட்டம் அவர் பொறுப்பு. அந்தச் சைக்கிள் எங்கள் தோட்டத்துக்கு வருகிற வாரம் பார்த்துத்தான் கெட்டுப்போகும்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வேதக்காரர் வீடு நாலே நாலு. ரப்பர் பாலுக்கு மரப்பட்டை வெட்டி, பால் நிறுத்து வந்த பிறகு யாருக்கும் சேர்ந்து ஜெபம் சொல்லத் தெம்பு இருக்காது. சாவு விழுந்தால் மட்டும் உபதேசியாரை வரவழைத்துக் கூடுவோம். அன்றைக்கு ஒரு தரம், மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள். நான் வாழ்க்கைப்பட்ட முதல் வருஷமே மூன்று சாவு, மூன்றாவது என் மாமியார். அந்த வகையில் ஒரு ஜெபத்தைப் பன்னிரண்டு தரம் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். பெரிய பெரிய வார்த்தையாக இருக்கும், பாதி புரியாது. துக்கம் வந்தால் வேதக்காரர்கள் சொல்கிற ஜெபம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. பாதி லயம் காலியானது. ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். என் அப்பா, அம்மா, தம்பி மூவரும் அதில் போனார்கள். எனக்கு இந்த நாட்டில் மிச்சம் இருந்தது வீட்டுக்காரர் ஒருவர்தான். அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூன்று நாள் அதோடு பால் மரத்துக்குப் போனார். நாலாம் நாள் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் விழுந்தார். மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரி என்றால் பலகைக் கட்டில் ஏழு, மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் ஒருவர், காய்ச்சலுக்குக் கொயினாத் தண்ணீர் ஒரு பெரிய ஜாடி. தினமும் வேலை முடிந்து கஞ்சித் தூக்கோடு இரண்டு மைல் நடந்து போவேன். வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. என்ன பேசுவது என்று தெரியாது. நான் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. பெரட்டில் கணக்கெழுதுகிற கிராணி பேர் கூப்பிட்டாலும் இருமிக் காட்டுவதுதான் வழக்கம். அதனால் கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு, தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், சாவு வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆறு நாள் சொன்னேன். ஏழாம் நாள் பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கினார். காலில் புண்ணோடு படுத்திருந்த பெரியவர் அவர், முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கிற ஆள்.

"இந்தா தங்கச்சி, ஒண்ணு கேக்கட்டா? இது அன்னைக்கு ஒன் மாமியாரக் குழியில வச்சப்ப படிச்சதுதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நான் பொட்டிய ஒரு பக்கம் தூக்கினவன். அதான் காதுலயே நிக்கிது. செத்தவங்களுக்குப் படிக்கிறத ஏன் ஒன் புருசனுக்குப் படிக்கிற? இங்க ஏழு பேரு உசுரோட கெடக்குறோம்லா. மொத்தமா அனுப்பி வச்சிறாத தாயி."

மருந்து கொண்டுவந்த டிரஸ்ஸர் அதைக் கேட்டுச் சிரித்தார். "நானே இன்னும் கைவிடலம்மா. அதுக்குள்ள நீ முடிச்சிட்டியா?" என்றார்.

தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வழி முழுக்க ஜெபத்தின் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பெரியவர் சொன்னது சரிதான். ஆறு நாளாக என் புருஷனைச் செத்தவர் கணக்கில் வைத்து ஆண்டவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். அவர் தேறாததற்குக் காரணம் கொசு இல்லை, நான்தான் என்று முடிவு செய்தேன். அடுத்த இரண்டு நாள் கஞ்சியை மட்டும் ஊட்டிவிட்டு எழுந்து வந்தேன். வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தில் வைத்த கத்தி நேராகப் போகவில்லை. பட்டை ஆழமாக வெட்டுப்பட்டு, கங்காணி ஏசினார்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரரே கேட்டார். குரல் மெலிந்து கிடந்தது.

"ஏன் புள்ள, ஜெபத்த நிறுத்திட்ட?"

"அது செத்தவங்க ஜெபமாமுங்க."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"மொத நாளே. நான் பொறந்ததுல இருந்து வேதக்காரன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நாலு பேரு முன்னால நீ வாயத் தொறந்து நான் பாத்ததில்ல. கெடுப்பானேன்னு விட்டுட்டேன். சாமி என்ன, நம்ம கிராணியா? தப்பாச் சொன்னத அப்படியே எழுதிக்க? நீ என்ன கேக்குறன்னு அவருக்குத் தெரியும். சொல்லு, அதக் கேட்டுட்டுத்தான் நான் தூங்குறேன்."

சொன்னேன். பெரியவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். முடிந்ததும், "சத்தமாவே சொல்லு தங்கச்சி, பரவால்ல. வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு இங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஏழு நாள். இப்போது அர்த்தம் தெரிந்தே சொன்னேன். பிழைக்க வைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் உம்முடைய கையில்தான் இருக்கிறார் என்று உள்ளே சொல்லிக்கொண்டேன். இதைச் சமாதானம் என்று கோயிலில் சொல்கிறார்கள். எனக்கு அன்றைக்கு அந்தப் பேர் தெரியாது. சோறு இறங்கியது, கத்தி நேராகப் போனது, அவ்வளவுதான் தெரியும்.

எட்டாம் நாள் மத்தியானம் நான் போய்ச் சேர்வதற்குள் அவர் போய்விட்டார்.

உபதேசியாருக்கு ஆள் அனுப்பினோம். குழி வெட்டி, பெட்டியை இறக்கியாயிற்று, வானமும் கறுத்துவிட்டது. அவரைக் காணோம்.

"ஒங்க ஜெபத்த யாராச்சும் சொல்லுங்கப்பா, மழ வரப்போவுது" என்றார் கங்காணி.

மற்ற மூன்று வீட்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உபதேசியார் முன்னே சொல்ல, பின்னால் பதில் சொல்லித்தான் அவர்களுக்குப் பழக்கம். நான் முன்னால் வந்து தொடங்கினேன். அவர்கள் பதில் சொன்னார்கள். ஒரு வார்த்தையும் தடுமாறவில்லை, கண்ணீரும் வரவில்லை.

அன்று சாயந்திரம் அடுப்பு மூட்டிச் சோறாக்கிச் சாப்பிட்டேன். "கல்லு மனசுக்காரி" என்று லயத்தில் பேசியது காதில் விழுந்தது. கல்லெல்லாம் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவரை ஒப்படைத்துக்கொண்டே வந்திருந்தேன். அன்றைக்கு ஒப்படைக்க மிச்சம் அதிகம் இல்லை. மறுநாள் பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டபோது, இருமாமல், "இருக்கேன்" என்றேன். கிராணி நிமிர்ந்து பார்த்தார்.

இதை அச்சில் போடுவதற்கு முன் விவரம் தெரிந்த யாராவது ஒருமுறை பார்த்துக்கொடுங்கள். வருஷம் எனக்குச் சரியாக வரவில்லை, விலை விழுந்த காலம் என்பது மட்டும் நிச்சயம். கட்டில் ஏழா எட்டா என்பதும் சந்தேகம். முக்கியமாக, நான் குழி மேட்டில் முன்னே நின்று ஜெபம் சொன்னது சபைச் சட்டப்படி சரிதானா என்று சாமியாரைக் கேட்டுச் சொல்லவும். தப்பென்றால் அந்த இடத்தை அடித்துவிடுங்கள்.