பெட்டியிலிருந்து எழும்பியவன்

என் நாவலை அச்சிடச் சம்மதம் என்று கொழும்பிலுள்ள கிறிஸ்தவ வெளியீட்டகத்தின் பதிப்பாசிரியர் தொலைபேசியில் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்த மனுசன் ஏன் சம்மதிக்கிறார் என்ற யோசனைதான் வந்தது.

அதே வெளியீட்டகம்தான் என் முதல் இரண்டு நாவல்களையும் திருப்பி அனுப்பியது. முதலாவதில் சபை மூப்பர் ஒருவர் பீடி குடிக்கிறார். இரண்டாவதில் ஒரு போதகர் மூன்று நாள் பெண்சாதியோடு பேசாமல் இருக்கிறார். இரண்டும் விசுவாசிகளுக்கு இடறலாக இருக்குமாம். நான் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் பார்க்கிறவன். பீடி குடிக்கிற விசுவாசிகளோடுதான் தினமும் வேலை செய்கிறேன். பார்க்காத ஆட்களை எழுத எனக்கு வராது.

மூன்றாவது நாவல் அவர்களுக்கு இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும். அது என் தம்பியின் சாவு. அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. சபை முழுக்க உபவாசம் இருந்தது. வியாழக்கிழமை செத்தான். பிரேதத்துக்கு மருந்தடித்து, கனடாவில் இருக்கும் அண்ணன் வரும்வரை வீட்டில் வைத்திருந்தோம். ஞாயிறு காலை, பெட்டி விறாந்தையில் கிடக்க, தம்பியின் பெண்சாதி ஆராதனைக்கு வந்து வழக்கமான வாங்கில் உட்கார்ந்தாள். சனம் பாடியது. அவள் பாடவில்லை. நாவல் அங்கே முடிகிறது.

அடக்கம் முடிந்த பிறகு ஒரு ஜெபக்கூட்டத்தில் எங்கள் போதகர், "அந்த வீட்டில ஒருவருக்கு விசுவாசம் காணாது" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். பார்க்காததிலேயே யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுதினேன். எழுத முன் தம்பியின் பெண்சாதியிடம் கேட்டேன்.

"எழுதுங்கோ அத்தான். ஆனா அச்சுக்குப் போக முதல் கடைசிப் பகுதியை எனக்கு வாசிச்சுக் காட்டோணும்" என்றாள்.

சரி என்றேன். வாசித்துக் காட்டவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

இப்போது அந்தப் பதிப்பாசிரியர் தொலைபேசியில், "பிரதர், உங்கட முடிவை வாசிச்சுப்போட்டு அப்பிடியே முழங்காலில நிண்டனான்" என்கிறார். பாடாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை வாசித்து இந்த ஆள் ஏன் முழங்காலில் நிற்க வேண்டும்? எங்கள் போதகர் ஏதோ கதைத்திருக்கிறார் என்று நினைத்தேன். உரிமையை வாங்கி, புத்தகத்தைப் போடாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிற திட்டமாகவும் இருக்கலாம். அச்சுப்படியை அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்தது.

கடைசி அத்தியாயத்தில் நான் எழுதாத இரண்டரைப் பக்கம் இருந்தது. அவள் ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகிறாள். பெட்டியருகே முழங்காலில் நிற்கிறாள். என் தம்பி கண்ணைத் திறந்து, "கொஞ்சம் கஞ்சி தாங்கோ" என்கிறான். மருந்தடித்து மூன்று நாளான பிரேதம்.

உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் இடுப்பில் கட்டிய சாறத்தோடு வாசலுக்கு வந்து, நான் நாவல் எழுதுவதே தனக்குத் தெரியாது என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. கொழும்புக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "நீங்கள் அனுப்பினதில ஒரு எழுத்தும் மாத்தேல்லை பிரதர்" என்று, நான் அனுப்பிய கோப்பையே திருப்பி அனுப்பினார். திறந்து பார்த்தேன். அதிலும் தம்பி கஞ்சி கேட்டான்.

அப்படியென்றால் தட்டெழுதியவள்தான். நான் கொப்பியில் கையால் எழுதுகிறவன். சாம்பல்தீவுச் சந்தியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் ஒரு பெண் அதைக் கணினியில் அடித்துத் தருவாள். அவள் சைவக்காரி. நான் போனபோது பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, செத்த மனுசன் ஏன் எழும்பினவர்?"

"எழும்பாம? அண்ணை, உங்கட கடைசிக் கொப்பி அந்தப் பொம்பிளை வாங்கில இருக்கிறதோட நிண்டுபோச்சு. மிச்சக் கொப்பியை வீட்டில விட்டிட்டியளெண்டு நினைச்சன்."

"மிச்சமில்லை. அதோட முடிஞ்சுது."

"அது என்ன முடிவு? ஆறு வருசமா உங்கட சபைப் பத்திரிகைக்குச் சாட்சிப் பக்கம் அடிக்கிறன். ஒருத்தரும் அதில சாகேல்லை. ஏலாமக் கிடந்த ஆக்கள் ஓடுகினம். பெட்டிக்குள்ள இருந்து எழும்பினவையே ரெண்டு பேர். அந்தக் கஞ்சி அதில ஒருத்தர் கேட்டதுதான்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே?"

"மூண்டு தரம் கோல் எடுத்தனான். நீங்கள் எடுத்தாத்தானே? கொழும்பில அவசரமாக் கேக்கினமெண்டு சொல்லிப்போட்டுப் போனதும் நீங்கள்தான்."

போனைப் பார்த்தேன். ஒரே நாளில், தெரியாத இலக்கத்திலிருந்து மூன்று அழைப்பு. தெரியாத இலக்கங்களை நான் எடுப்பதில்லை. எல்லாம் ஏமாற்று வேலை என்பது என் எண்ணம். அவள் அடித்துத் தந்ததையும் முதல் அறுபது பக்கம்தான் சரிபார்த்தேன், அவளுடைய எழுத்துப்பிழையைப் பிடிக்க. கடைசி அத்தியாயத்தைத் திறக்கவில்லை. தம்பி சாகிற இடத்தை மறுபடி வாசிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அன்று பின்னேரமே கொழும்புக்கு உண்மையைச் சொன்னேன்.

"பிரதர், அவர் எழும்பாட்டி வாசிக்கிற சனத்துக்கு என்ன ஆறுதல்?"

"மருந்தடிச்ச பிரேதம் கஞ்சி குடிக்குமோ?"

"கர்த்தர் நினைச்சா நடக்காதோ?"

"அப்ப கர்த்தரையே எழுதச் சொல்லுங்கோ."

சம்மதம் போய்விட்டது. நகரத்தில் கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடிக்கிற ஒரு சின்ன அச்சகம் போட்டுத் தருவதாகச் சொன்னது. தட்டெழுதியவள் என் கண் முன்னாலேயே அந்த இரண்டரைப் பக்கத்தை அழித்தாள். பிறகு, கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து, தம்பி வீட்டுக்குப் போனேன்.

அவன் பெண்சாதி குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டுக் கடைசிப் பகுதியை வாசித்தேன். முடித்ததும் கையைக் கழுவினாள்.

"அத்தான், நான் அண்டைக்குப் பாடினனான்."

"இல்லை."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்? நீங்கள் பின்னால ஆம்பிளையளின்ர பக்கம் இருந்தனீங்கள். என்ர முதுகைத்தானே பாத்தனீங்கள்?"

இது போதகர் சொல்லிக் கொடுத்ததோ என்று உடனே சந்தேகம் வந்தது. கேட்டும் விட்டேன்.

"அந்தாளுக்கு என்ன தெரியும்?" என்று சீறினாள். "கடைசி அடி மட்டும், வாய்க்குள்ள. உங்கட தம்பிக்குப் பிடிச்ச பாட்டு. அண்டைக்கு வந்ததே அதுக்குத்தான்."

"அப்ப மாத்தட்டோ?"

"எழுதினது நீங்கள். எனக்கென்ன தெரியும்?" என்று மறுபடி இறாலை எடுத்தாள்.

மூன்று நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பாடாமல் இருந்ததில்தான் என் கோபம் முழுவதும் நின்றது. பாடாமல் இருந்தது அவளல்ல, நான். என் வாயை அவள் முகத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். கடைக்காரி செத்தவனை எழுப்பியதற்குச் சத்தம் போட்டேனே, நான் செய்தது என்ன? ஆனாலும் பாடினாள் என்று எழுதவும் மனம் வரவில்லை. அதை நான் கேட்கவில்லை. கேட்காததை எழுதினால் அது சாட்சிப் பக்கமாகிவிடும்.

நாலாம் நாள் சாம்பல்தீவுச் சந்திக்குப் போனேன்.

"இப்ப எழும்பிறாரோ அண்ணை?"

"இல்லை. ஒரு வரிதான் மாத்தோணும்."

'அவள் பாடவில்லை' என்பதை எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில், 'பின்வரிசை வாங்கில் இருந்தவனுக்கு அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது' என்று போடச் சொன்னேன். அவள் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப மனுசி பாடினவவோ இல்லையோ?"

"தெரியாது."

"எழுதின உங்களுக்குமோ?"

"ஓம்."

அச்சகத்திலிருந்து முதல் பிரதி கைக்கு வந்ததும் அட்டையைக்கூடப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். யாரும் எழும்பியிருக்கவில்லை.